உருவும் கையும் உரைக்கும் காரணமும்: மெய்வல்லுநரின் தசைத்தேற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாலைப்பொழுதில் எமது பல்கலைக்கழக மைதானத்தின் ஓரமாக நடந்து செல்வோர் அடிக்கடி காணும் காட்சியொன்றுண்டு. ஓட்டப் பயிற்சியை முடித்த மாணவனொருவன் புற்றரையிற் காலை நீட்டி அமர்ந்திருப்பான். அவனுடைய தோழன் உள்ளங்கையில் எண்ணெயை வார்த்து, அவனது கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக உருவிவிடுவான். ஏன் இவ்வாறு செய்கின்றீர்கள் என்று வினவினால், இருவரும் ஒரே விடையையே கூறுவர். தசையிலே இலற்றிக் அமிலம் தேங்கி நிற்கின்றது. உருவினால் அது கலைந்து இரத்தத்தோடு போய்விடும். நாளைக்குக் கால் வலிக்காது என்பதே அவ்விடையாகும். பயிற்றுநர் அவ்வாறே கூறுகின்றார். அவருக்குப் பயிற்றியவரும் அவ்வாறே கூறினார்.

கலைப்பீட மாணவனொருவன் இவ்விடயத்தை ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். தசையும் அமிலமும் மருத்துவபீடத்தாரின் துறையன்றோ என அவர்கள் வினவலாம். ஆயின், உடற்பயிற்சியின் பின்னர் உடலை உருவும் வழக்கத்துக்கும், அவ்வழக்கத்துக்கு மனிதர் காலந்தோறும் கூறிவந்த காரணங்களுக்கும் தனித்தனி வரலாறுகள் உள்ளன. இவ்விரு வரலாறுகளும் ஒன்றல்ல. வழக்கம் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் பெரிதும் மாறாது நிலைத்து வந்துள்ளது. காரணமோ காலத்துக்குக் காலம் வேறு உடை தரித்து வந்துள்ளது. வழக்கத்தின் பழைமையைக் காரணத்தின் உண்மைக்குச் சான்றாகக் கொள்ளும் தவறு எங்கே நேர்ந்தது என்பதையும், அத்தவறு களையப்பட்டபின் எஞ்சுவது யாது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்கரின் பயிற்சிக்கூடம்

விளையாட்டு வீரரின் உடலைத் தேய்த்துவிடும் தொழில் ஒழுங்கானதொரு தொழிலாக உருப்பெற்றமையைப் பண்டைக் கிரேக்க நகரங்களிற் காண்கின்றோம். அங்கே சிறுவருக்கு உடற்பயிற்சி அளித்தவனைக் குறித்த 'பைடோதிரிபேஸ்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் 'சிறுவரைத் தேய்ப்பவன்' என்பதாகும். வீரரைப் பயிற்றுவித்தவனைக் குறித்த 'அலெய்ப்தேஸ்' என்னும் மற்றொரு சொல் 'எண்ணெய் பூசுபவன்' எனப் பொருள்படும். பயிற்றுதலும் தேய்த்தலும் அக்காலத்தில் ஒரே கையின் தொழில்களாக இருந்தன என்பதை இச்சொற்களே உணர்த்துகின்றன.

பயிற்சிக்கு முன்னர் வீரன் உடல் முழுவதும் ஒலிவ எண்ணெய் பூசிக்கொள்வான்; அதன்மேல் புழுதியைத் தூவிக்கொள்வான். பயிற்சி முடிந்ததும் எண்ணெய், வியர்வை, புழுதி ஆகிய மூன்றும் கலந்த படையை வளைந்த உலோகக் கருவியொன்றினால் வழித்தெடுப்பர். அதன்பின் மீண்டும் எண்ணெயிட்டுத் தேய்ப்பதுண்டு. வழித்தெடுத்த அழுக்கும் வீணாக விடப்படவில்லை. 'குளொயோஸ்' எனப்பட்ட அது மருந்தாக விலைபோயிற்று. மக்கெடோனியாவிலுள்ள பெரோயா நகரின் பயிற்சிக்கூடத்துக்கென கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டுக் கல்லிற் பொறிக்கப்பட்ட சட்டத்தில், அவ்வழுக்கினால் வரும் வருமானத்தை ஏலத்தில் எடுப்பவனுக்குரிய கடமைகளும் குறிக்கப்பட்டுள்ளன. எண்ணெயும் கையும் அக்கூடங்களின் அன்றாட வாழ்வில் எத்துணை வேரூன்றியிருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மருத்துவரும் இத்தொழிலை அறியாதவரல்லர். ஹிப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில், மூட்டுக்களைப் பற்றிய நூல், மருத்துவன் கைவரப்பெற்றிருக்க வேண்டிய திறன்களுள் தேய்த்தலையும் ஒன்றாகக் கூறுகின்றது. தளர்ந்த மூட்டை இறுக்கவும் இறுகிய மூட்டைத் தளர்த்தவும் அது வல்லது என்பது அந்நூலின் கருத்து. செலிம்பிரியா நகரத்து ஹெரோடிக்கஸ் என்பவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து மருத்துவத்தையும் பயிற்சியையும் ஒன்றாகக் கலந்தார். பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில் இவ்வாறு கலந்தமைக்காக அவரை எள்ளி நகையாடுகின்றார். வீரனின் உடலை அறிந்தவர் பயிற்றுநரா மருத்துவரா என்னும் பூசல் அன்றே தோன்றிவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

கேலனும் கழிவுக் கொள்கையும்

இப்பூசலில் மருத்துவரின் பக்கம் நின்று வலிமையாக வாதாடியவர் கேலன் ஆவார். பெர்கமம் நகரில் கி.பி. 129ஆம் ஆண்டளவிற் பிறந்த இவர், தமது இருபத்தெட்டாம் வயதளவில் அந்நகரின் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராக நியமிக்கப்பட்டார். கிழிந்த தசைகளையும் அறுந்த நாண்களையும் நேரிற் கண்டு பழகியவர் அவர். உடல்நலம் பேணுதல் மருத்துவக் கலையைச் சார்ந்ததா உடற்பயிற்சிக் கலையைச் சார்ந்ததா என்னும் வினாவுக்கெனவே தனிநூலொன்றை இயற்றி, அது மருத்துவத்துக்கே உரியது என அவர் நிறுவ முயன்றார்.

உடல்நலத்தைக் காத்தல் பற்றி அவர் ஆறு பகுதிகளாக எழுதிய பெருநூல் எமது பொருளுக்கு இன்றியமையாதது. தேய்த்தலை வன்மை, மென்மை, நடுநிலை எனத் தன்மையால் மூன்றாகவும், மிகுதி, குறைவு, அளவு என அளவினால் மூன்றாகவும் பகுத்து, இவற்றின் சேர்க்கையால் ஒன்பது வகைகளை அவர் அமைத்தார். பயிற்சிக்கு முன் தேய்ப்பது வேறு, பின் தேய்ப்பது வேறு என்றும் தெளிவாகப் பிரித்தார். பயிற்சிக்குப் பின்னர் செய்யப்படுவதை அவர் 'அப்போதெரப்பேயா' என அழைத்தார். மிகுந்த எண்ணெயுடன், பல கைகள் சேர்ந்து விரைவாகத் தேய்க்கவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. உழைப்பினால் வரும் களைப்பையும் அவர் ஒரே தன்மையதாகக் கொள்ளாது, புண்பட்டாற் போன்றது, இறுக்கம் மிக்கது, வீங்கி அழன்றது என வகைப்படுத்தினார். பயிற்சியின் பின் தசைநோவு பற்றி இத்துணை நுணுக்கமாக அவருக்கு முன்னர் எழுதியவர் சிலரே.

இத்தேய்ப்பினால் விளைவது என்ன என்னும் வினாவுக்குக் கேலன் கூறிய விடையே எமது கட்டுரையின் மையமாகும். கடும் உழைப்பினால் உடலில் கழிவுகள் தோன்றுகின்றன. அவை முற்றாக வெளியேறாது தசைகளிலே தங்கிவிடின் களைப்பும் நோவும் உண்டாகும். தேய்த்தல் அக்கழிவுகளை வெளியே தள்ளுகின்றது. இதுவே அவரது கொள்கை. அக்காலத்து மருத்துவம் உடலை நான்கு நீர்மங்களின் சமநிலையாகக் கண்டது. மிகுந்ததும் தேங்கியதும் நோய், வெளியேறுவது நலம். அம்மருத்துவத்தின் கண்கொண்டு நோக்குமிடத்து, கேலனின் விளக்கம் மிக இயல்பானதே.

கேலன் இழித்துரைத்த பயிற்றுநரின் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் எமக்குக் கிடைத்துள்ளது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிலொஸ்திராத்தஸ் என்பவர் உடற்பயிற்சிக் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அக்காலப் பயிற்றுநர் பலர் பின்பற்றிய நான்கு நாட் சுழற்சி முறையை அவர் அதிலே கண்டிக்கின்றார். முதல்நாள் ஆயத்தம், இரண்டாம் நாள் முழு முயற்சி, மூன்றாம் நாள் தளர்வு, நான்காம் நாள் நடுத்தரம் என்பதே அம்முறை. அவர் கூறும் நிகழ்ச்சியொன்று நெஞ்சை உறுத்துவதாகும். ஒலிம்பியாவில் வென்ற கெரேனஸ் என்னும் மற்போர் வீரன், வெற்றிக்குப்பின் நண்பரோடு விருந்துண்டு குடித்து, மறுநாள் உடல்நலங் குன்றிய நிலையிற் பயிற்சிக்கூடத்துக்கு வந்தான். தனது நிலையை அவன் எடுத்துக் கூறியும் பயிற்றுநன் சினந்து, அன்றைய நாளுக்குரிய பயிற்சியைச் செய்தே தீரவேண்டுமெனக் கட்டாயப்படுத்தினான். பயிற்சியின்போதே வீரன் உயிர்நீத்தான். தேற்றம் என்பது அட்டவணைக்கு அடங்காதது என்பதைக் காட்டவே பிலொஸ்திராத்தஸ் இதனைக் கூறினார். இந்நிகழ்ச்சியை நாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

கீழைத்தேயத்தில்

உழைப்பின் பின் உடலை உருவுதல் கிரேக்கர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. இந்திய மருத்துவ மரபிலும் அது தனித்து வளர்ந்துள்ளது. சுசுருத சங்கிதையும், வாக்படரின் அட்டாங்க இருதயமும், ஒருவன் தனது வலிமையின் பாதியளவுக்கே உடற்பயிற்சி செய்தல் வேண்டும் என்றும், அதன்பின் உடலெங்கும் இதமாகப் பிடித்துவிடுதல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. எண்ணெய் பூசுதலின் பயனைச் சரக சங்கிதை மூன்று உவமைகளால் விளக்குகின்றது. எண்ணெய் ஊறிய குடமும், எண்ணெயிட்ட தோலும், எண்ணெய் பெற்ற வண்டி அச்சும் உறுதி பெறுவதுபோல உடலும் உறுதி பெறும் என்பது அதன் கருத்து. கேரளத்துக் களரிப் பயிற்சியில் கர்க்கடக மாதத்து மழைக்காலத்திற் செய்யப்படும் உழிச்சில், மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு ஆசான் தன் காலினால் மாணவனின் உடலை உருவும் முறையையும் உடையதாய் இன்றும் வழக்கிலுள்ளது.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. செயல் ஏறத்தாழ ஒன்றே, காரணமோ வேறு. கிரேக்க மருத்துவன் கழிவை வெளியேற்றுவதற்காகத் தேய்த்தான். இந்திய மருத்துவன் உழைப்பினால் மிகும் வாதத்தைத் தணிப்பதற்காகவும், வறண்ட உடலுக்கு நெய்ப்பூட்டுவதற்காகவும் தேய்த்தான். ஒருவருடைய காரணத்தினால்தான் பயன் விளைந்தது என்றால், மற்றவருடைய கையில் அதே பயன் எவ்வாறு விளைந்தது? பயன் காரணத்துக்கு முற்பட்டது என்பதையே இவ்வொப்பீடு காட்டுகின்றது.

கேலனின் கொள்கை கிரேக்க உலகோடு அழிந்து போகவில்லை. அதனை அரபு மருத்துவர் போற்றிக் காத்தனர். இப்னு சீனா கி.பி. 1025ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த மருத்துவப் பெருநூலில், பயிற்சிக்கு முன் செய்யும் ஆயத்தத் தேய்ப்பையும், பின்னர் செய்யும் மீட்புத் தேய்ப்பையும் வேறுபடுத்திக் கூறுகின்றார். பயிற்சியினால் வெளியேறாது தசைகளில் எஞ்சிய கழிவுகளைக் கலைப்பதே மீட்புத் தேய்ப்பின் நோக்கம் என்கின்றார். இந்நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிற் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிற்று. 1569இல் வெனிஸ் நகரில் ஜெரோலமோ மெர்க்கூரியாலே வெளியிட்ட உடற்பயிற்சிக் கலை பற்றிய நூல், பண்டையோரின் கருத்துக்களை மீண்டும் திரட்டித் தந்தது. இவ்வாறாகக் கழிவுக் கொள்கை நூலிலிருந்து நூலுக்குத் தாவி, நவீன காலத்தின் வாயில்வரை வந்து சேர்ந்தது.

கைத்தொழில் மதிப்புப் பெற்றமை

19ஆம் நூற்றாண்டில் சுவீடனைச் சேர்ந்த பெர் ஹென்றிக் லிங் என்னும் வாட்பயிற்சி ஆசிரியர் 1813இல் ஸ்ரொக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனமொன்றை அரச ஆதரவுடன் தொடங்கினார். இன்று 'சுவீடிஷ் மசாஜ்' என வழங்குவது அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்டாலும், தடவுதல், பிசைதல், தட்டுதல் முதலிய அடிப்படை அசைவுகளைப் பிரெஞ்சுப் பெயர்களால் ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் ஒல்லாந்து மருத்துவரான யொஹான் மெஸ்கர் என்றே பெரும்பாலான ஆய்வாளர் கருதுகின்றனர். லிங்கின் முறையில் உடலசைவுகளே முதன்மை பெற்றிருந்தன.

இத்தொழிலின் சமூக மதிப்பு எளிதிற் கிடைத்ததன்று. 1894இல் இலண்டனில், மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் ஒழுக்கக்கேடுகள் நடைபெறுகின்றன என மருத்துவ இதழொன்றிற் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டிலேயே, தமது தொழிலின் நற்பெயரைக் காக்கும் பொருட்டு நான்கு பெண்கள் ஒன்றுகூடிப் பயிற்சிபெற்ற மசாஜ் தொழிலாளருக்கான சங்கமொன்றை நிறுவினர். அதுவே பின்னாளிற் பிரித்தானிய உடற்பயிற்சிச் சிகிச்சையாளரின் பட்டயச் சங்கமாக வளர்ந்தது. வீரனின் தசையைத் தொட்டறிந்தவர்கள் பெரும்பாலும் எழுதுகோல் பிடிக்காதவர்களாகவே இருந்தனர். அவர்களது செயலுக்குக் காரணம் எழுதியவர்கள் வேறொரு கூட்டத்தார். கேலன் காலத்துப் பிரிவு இவ்வாறு நெடுங்காலம் தொடர்ந்தது.

ஆய்வுகூடத்திற் புத்துயிர் பெற்ற கொள்கை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் களைப்பு ஆய்வுகூடத்தினுள் கொண்டுவரப்பட்டது. இத்தாலியின் தூரின் நகரில் அஞ்சலோ மொஸ்ஸோ என்னும் உடற்றொழிலியல் அறிஞர், விரலொன்று பாரத்தை மீண்டும் மீண்டும் இழுத்துக் களைக்கும் விதத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை அமைத்தார். களைத்த நாயின் இரத்தத்தைக் களைக்காத நாய்க்குச் செலுத்த, அதுவும் களைப்பின் குறிகளைக் காட்டியது என்று அவர் தெரிவித்தார். 1891இல் வெளிவந்த அவரது களைப்புப் பற்றிய நூல் பெரும் புகழ் பெற்றது. அவருடன் பணியாற்றிய அர்னால்டோ மஜ்ஜியோரா, அதே கருவியைக் கொண்டு பிசைதலின் பயனை அளந்து, பிசையப்பட்ட தசை வெறுமனே ஓய்ந்திருந்த தசையிலும் கூடிய வேலை செய்தது எனக் கண்டார். களைப்பு என்பது இரத்தத்திற் சுற்றும் ஒருவகை நஞ்சு என்னும் எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

அந்நஞ்சுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 1907இல் கேம்பிரிட்ஜில் பிளெச்சர், ஹொப்கின்ஸ் ஆகியோர், தவளையின் தசை ஒட்சிசனின்றிக் களைக்கும்போது இலற்றிக் அமிலம் சேர்கின்றது என்றும், ஒட்சிசன் கிடைத்ததும் அது மறைகின்றது என்றும் காட்டினர். தசையின் வெப்பம், இரசாயனம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காகப் பிரித்தானியராகிய ஏ. வி. ஹில்லும் ஜேர்மனியராகிய ஒட்டோ மெயர்ஹோவும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவர்களுடைய ஆய்வு தசை இயங்கும் விதத்தைப் பற்றியதேயன்றி, எண்ணெயிட்டு உருவுதலைப் பற்றியதன்று. ஆயினும் விளையாட்டு உலகம் இரண்டையும் இணைத்துக்கொண்டது. கழிவு என்று கேலன் கூறிய இடத்தில் இலற்றிக் அமிலம் வந்து அமர்ந்தது. பழைய வாக்கியத்தின் எழுவாய் மட்டுமே மாறிற்று; பயனிலை அப்படியே இருந்தது. எமது மைதானத்து மாணவன் கூறும் விடை இவ்வழியாகவே அவனிடம் வந்து சேர்ந்துள்ளது.

இதே காலத்தில் வேறொரு குரலும் எழுந்தது. அமெரிக்க உடற்றொழிலியலாளரான தியடோர் ஹவ், 1902இல் தசைநோவு பற்றி ஆராய்ந்தபோது, பயிற்சியின்போது உடனே தோன்றும் அயர்ச்சியும் மறுநாளும் அதற்கு மறுநாளும் தோன்றும் நோவும் வெவ்வேறானவை எனக் கண்டார். பிந்தியது களைப்புப் பொருள்களால் வருவதன்று. தசையினுள் நேரும் நுண்ணிய கிழிவுகளால் வருவது என அவர் கருதினார். அக்கருத்து மைதானங்களை எட்டுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அமிலக் கொள்கை எளிமையானது; பழைய எண்ணத்தோடு பொருந்துவது; நோபல் பரிசின் ஒளி பெற்றது. ஹவ்வின் கருத்துக்கு அத்தகைய துணை இருக்கவில்லை.

கொள்கையின் வீழ்ச்சி

1980களில் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1983இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. சமதரையில் ஓடியோரின் இரத்தத்தில் இலற்றிக் அமிலம் கூடியது. ஆயின் அவர்களுக்கு மறுநாள் நோவு குறிப்பிடத்தக்கதாய் இருக்கவில்லை. சரிவிற் கீழ்நோக்கி ஓடியோருக்கு அமிலம் கூடவில்லை. ஆயினும் நோவு வந்தது. சரிவில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டவாறே பாரத்தைத் தாங்குகின்றது. அவ்வாறு நீளும்போதே தசையிழைகள் சேதமுறுகின்றன. சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் அதே காலப்பகுதியில் தசைத்துணுக்குகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் நோக்கி, இழைகளின் ஒழுங்கு குலைந்திருப்பதை நேரிற் கண்டனர். ஹவ்வின் கருத்து இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

இலற்றிக் அமிலத்தின் பெயரிலிருந்த பழியும் நீங்கிற்று. அமெரிக்காவின் ஜோர்ஜ் புரூக்ஸ் முதலியோரின் ஆய்வுகள், தசையில் உண்டாகும் இலற்றேற்று உடலுக்குக் கழிவன்று, எரிபொருள் என்பதை நிறுவின. இதயமும் ஏனைய தசைகளும் அதனை எரிக்கின்றன. ஈரல் அதனை வெல்லமாக மாற்றுகின்றது. கடும் ஓட்டத்தின் பின்னர் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். நோவோ 24 தொடக்கம் 72 மணித்தியாலங்களில் உச்சமடைகின்றது. திருடன் ஊரைவிட்டுப் போய் ஒருநாள் கழித்து நடந்த களவுக்கு அவனையே குற்றஞ்சாட்டி வந்திருக்கின்றோம் எனலாம்.

எஞ்சியிருந்தது, உருவுதல் இரத்த ஓட்டத்தைக் கூட்டுகின்றது என்னும் நம்பிக்கையாகும். கனடாவில் 1995இல் வெளிவந்த ஆய்வொன்று, கைகளால் தடவியபோது காலின் பெருநாடிகளில் ஓடும் இரத்தத்தின் அளவு குறிப்பிடத்தக்கவாறு கூடவில்லை எனக் காட்டிற்று. 2010இல் அந்நாட்டிலேயே வெளிவந்த மற்றோர் ஆய்வு, கடுமையாக உழைத்த முன்கையை உடனே உருவியபோது இரத்த ஓட்டம் தடைப்பட்டு, இலற்றிக் அமிலம் அகலுவது தாமதித்தது என்று கண்டது. அமிலம் விரைவில் அகலவேண்டுமெனில் மெதுவாக நடப்பதோ இலேசாக ஓடுவதோ மேலான வழியாகும்.

எஞ்சி நிற்பது யாது?

அவ்வாறெனின், இருபத்தைந்து நூற்றாண்டுகளாக மனிதர் வீணே எண்ணெயைச் செலவிட்டனரா? அவ்வாறு முடிவுசெய்வதும் முதலாவது தவறின் மறுபக்கமேயாகும். காரணம் பிழைத்ததனால் வழக்கமும் பிழைத்தது எனக் கொள்ளல் ஆகாது.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பதினொரு இளைஞர் களைத்துச் சோரும்வரை மிதிவண்டி மிதித்தனர். பின்னர் ஒவ்வொருவரின் ஒரு கால் மட்டும் பத்து நிமிடம் உருவப்பட்டது. இரு கால்களிலிருந்தும் தசைத்துணுக்குகள் எடுக்கப்பட்டன. உருவிய காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் தணிந்திருந்தன. இழைமணிகள் பெருகுதற்குரிய சமிக்ஞைகள் கூடியிருந்தன. இலற்றேற்றின் அளவிலும் கிளைக்கோசனின் அளவிலும் வேறுபாடு காணப்படவில்லை. சிறியதோர் ஆய்வேயாயினும், கையின் அழுத்தத்தைத் தசைக்கலங்கள் உணர்கின்றன என்பதற்கு அது சான்றாகும்.

பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிட்டோரும் உளர். 2018இல் 99 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பிரெஞ்சு ஆய்வாளர், பயிற்சிக்குப் பிந்திய நோவையும் களைப்புணர்வையும் தணிப்பதற்குக் கையாளப்படும் வழிகளுள் உருவுதலே அதிக பயன் தருவது எனக் கண்டனர். 2020இல் 29 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குபற்றிய 1012 பேரையும் உள்ளடக்கி வெளிவந்த பிரித்தானிய மதிப்பீடு, உருவுதலால் வலிமையோ, தாவும் ஆற்றலோ, ஓட்ட வேகமோ, தாங்குதிறனோ கூடுவதற்குச் சான்றில்லை என்றும், நெகிழ்ச்சி சிறிதளவு கூடி நோவு சிறிதளவு குறைவதற்குச் சான்றுண்டு என்றும் முடிவு கூறிற்று.

இவ்விரு முடிவுகளையும் சேர்த்து நோக்குமிடத்து, உருவுதல் செய்வது யாதென ஓரளவு தெளிவாகின்றது. அது நோவைத் தணிக்கின்றது, இறுக்கத்தைத் தளர்த்துகின்றது, வீரன் தான் தேறிவிட்டதாக உணர உதவுகின்றது. சேதமுற்ற இழைகள் மீண்டும் கட்டப்படுவதற்கு உணவும் உறக்கமும் நாட்களுமே வேண்டும். இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. தசையிலிருந்த 'நஞ்சு' வெளியேறிவிட்டது என நம்பும் பயிற்றுநர், வலி குறைந்த வீரனை மறுநாளே கடும் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார். வலி குறைந்த தசை வலிமை மீண்ட தசை என்று பொருளாகாது. இங்கேதான் கெரேனஸின் கதை நினைவுக்கு வருகின்றது. உடல் கூறியதைக் கேளாது, தான் கொண்ட முறையையே நம்பிய பயிற்றுநன் ஒருவனால் அவ்வீரன் உயிரிழந்தான். பிழையான காரணம் நல்ல வழக்கத்தையும் தீமைக்கு இட்டுச்செல்ல வல்லது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படுகின்றன. ஒரு வழக்கம் நீண்டகாலம் நிலைத்திருத்தல் அதில் ஏதோவொரு பயன் உண்டென்பதைக் குறிப்பால் உணர்த்தலாம். அப்பயனுக்குக் கூறப்படும் காரணத்தை அது நிறுவாது. ஒரு காரணம் விஞ்ஞானத்தின் சொல்லாற் கூறப்படுவதனாலேயே அது புதியதாகிவிடாது. பழைய எண்ணமொன்று புதுப்பெயர் பூண்டு வருதலும் உண்டு. மூன்றாவதாக, காரணம் வீழ்ந்தபோதும் வழக்கத்தை ஆராயாது தள்ளிவிடல் தகாது. மரபுகள் பலவற்றுக்கு வாரிசுகளாகவும், அதேவேளை விஞ்ஞானக் கல்வி பெறுவோராகவும் விளங்கும் எமக்கு இம்மூன்றும் வேண்டியவை. எமது பரியாரிமாரின் எண்ணெய்களையும் கைமுறைகளையும் பற்றிப் பேசும்போது, முற்றாகப் போற்றுவோர் ஒருபுறமும் முற்றாக இகழ்வோர் மறுபுறமுமாக நாம் பிரிந்துவிடுகின்றோம். பயன் என்ன, அதற்குக் கூறப்படும் காரணம் என்ன என இரண்டையும் பிரித்து வினவுவோர் சிலரே.

மைதானத்து ஓரத்தில் தன் தோழனின் காலை உருவிவிடும் மாணவனுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். எண்ணெயை வார்த்து இதமாக உருவிவிடுக. நோவு சற்றுத் தணியும். அமிலத்தைப் பற்றிக் கவலற்க. நீ கையில் எண்ணெய் எடுக்கும்பொழுதே அது அகலத் தொடங்கிவிட்டது. நாளைக் காலையில் அவன் ஓடலாமா என்பதை உனது கையிடம் கேளாதே. படியிறங்கும்போது அவனது தொடை என்ன சொல்கின்றது என்று அவனிடமே கேள்.